நிலாவெளி வீதியில் ஐந்து முட்டை

1

பத்து விரல்களின் சூட்டுக்கு நாங்கள் சொன்ன விலை இருநூற்றைம்பது ரூபா. போனது நூற்றெழுபத்தைந்துக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து, மார்கழி மாதம், திருகோணமலைச் சந்தைக்குப் பின்னால் எங்கள் கடை, வெளியே மழை. விலை மதிக்க முடியாதது என்று யாராவது எதைப் பற்றியாவது சொன்னால், என் வாப்பா முஹம்மது தம்பி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "அது சரி, கடைசியா எவ்வளவு?" என்று கேட்பார். அந்த வளர்ப்பில் வந்தவன் நான். ஆகவே இந்தக் கதைக்கும் ஒரு விலை உண்டு. முடியும்போது சொல்கிறேன், இப்போதே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள்.

இது எப்படித் தொடங்கியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்கவேண்டியதே இல்லை. ஒஸ்லோவில் இருக்கும் என் பள்ளித் தோழன் யோகலிங்கம் போன மாதம் தொலைபேசியில் பிடித்தான்.

"மச்சான், எங்கட சைக்கிள் கழகம் ஒரு மலர் போடுது. நீ எழுதுறனிதானே. மழைக்குள்ள நனையாமல் குளிராமல் சைக்கிள் ஓடுறது எப்பிடியெண்டு ரெண்டு பக்கம் தா. ஊர் அனுபவமா இருக்கட்டும். சனம் விரும்பும்."

ஒஸ்லோக்காரனுக்குக் குளிரைப் பற்றித் திருகோணமலைக்காரன் பாடம் எடுப்பதா? அவன் மழைக்குப் போடும் மேற்சட்டையின் விலைக்கு அந்தக் காலத்தில் எங்கள் கடையை வாப்பாவோடு சேர்த்து வாங்கியிருக்கலாம். (வாப்பா தன் பங்கைத் தனியாகப் பேசி ஏற்றியிருப்பார்.) ஆனாலும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதினேன்:

"மாரிகாலத்தில் மிதிவண்டி ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு—"

இந்த வரி பிறக்கும்போதே செத்துவிட்டது. எங்கள் ஊரில் யாரும் மிதிவண்டி ஓட்டியதில்லை. எல்லாரும் சைக்கிள்தான் ஓடினார்கள். வரியை அழிக்காமல் விடுகிறேன். கடையில் உடைந்த சாமானையும் கண்ணாடிக்குள் வைப்பது வழக்கம். பக்கத்தில் இருப்பது புதிது போலத் தெரியும்.

2

இரண்டாவது முயற்சி.

மனிதன் மூன்று பக்கத்தால் நனைகிறான். மேலேயிருந்து மழை, அது எல்லாருக்கும் தெரியும். கீழேயிருந்து சில்லு அள்ளி எறியும் சேறு. அதற்கு மட்கார்ட்டின் நுனியில் ஒரு ரப்பர் துண்டைத் தொங்கவிட்டால் முதுகில் கோடு விழாது. மூன்றாவது, உள்ளேயிருந்து. பொலித்தீனை இறுகப் போர்த்திக்கொண்டு வேகமாக மிதித்தால் குழலுக்குள் பிட்டு அவிவதுபோல நீங்கள் உங்கள் ஆவியிலேயே அவிந்து ஊறிப்போவீர்கள். கழுத்தடியில் காற்றுக்கு வழி விடுங்கள். ஆறுதலாக மிதியுங்கள். நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே நாலு தாள் பத்திரிகை வையுங்கள். வாடைக்காற்று அதைத் தாண்டாது.

இவ்வளவையும் எந்த ஊர்க்காரனும் எழுதுவான். எங்களுக்கு நாலாவது பக்கம் ஒன்று இருந்தது: சென்றி. அதாவது இராணுவத்தின் சோதனைச் சாவடி. நூறு யார் தூரத்துக்கு முன்பே இறங்கவேண்டும். உருட்டிக்கொண்டு போகவேண்டும். கிட்டப் போனதும் ரெயின்கோட்டைக் கழற்றி, உதறி, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டவேண்டும். அவர்கள் பார்க்கும்வரை மழை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு நனைந்த உடம்பின் மேலே நனையாத கோட்டைப் போட்டு, அந்த ஈரத்தைப் பத்திரமாக அடுத்த சென்றிவரை கொண்டுபோகலாம்.

[பக்கக் குறிப்பு: நெஞ்சில் வைக்கும் பத்திரிகை எது என்பதும் முக்கியம். சிங்களப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் நல்லது. வெளியே எடுத்துக் காட்டச் சொன்னால் அவர்கள் கிரிக்கெட் முடிவைப் படிப்பார்கள், உங்களை மறந்துவிடுவார்கள். நனைவது மட்டும் கொஞ்சம் கூடும்.]

இந்த இடத்தில்தான் கட்டுரை கவிழ்ந்தது. "ரெயின்கோட்" என்று எழுதியதும் ஒரு பெண் சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெயரை அன்று நாங்கள் கேட்கவில்லை. கைக்காசுக்கு வாங்குபவரிடம் கடைக்காரர் பெயர் கேட்பதில்லை. பெயர் கடனுக்குத்தான் வேண்டும். இராசமலர் என்பது நான் இப்போது வைக்கும் பெயர். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், கதையின் அளவு மாறாது.

3

அவள் வந்ததைச் சொல்லுமுன் கோட்டைச் சொல்லவேண்டும்.

வாப்பா வியாபாரத்தில் ஏமாந்தது என் அறிவுக்கு ஒருமுறைதான். கொழும்புக்குப் போனவர், மொத்தக் கடையொன்றில் ரெயின்கோட் மூன்று டசின் அரை விலைக்குக் கிடைத்தது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பொதியை அவிழ்த்தோம். அத்தனையும் கடும் பச்சை. இராணுவச் சீருடையின் பச்சை. கொழும்பில் அது ஒரு நிறம். எங்கள் வீதிகளில் அதைப் போட்டுக்கொண்டு போனால், இந்தப் பக்கம் ஆமிக்காரர் "எங்கே களவெடுத்தாய்" என்பார், அந்தப் பக்கம் இயக்கத்துக்காரர் ஒன்றும் கேட்கவே மாட்டார்.

"அரை விலைக்கு ஏன் தந்தானெண்டு யோசிக்கல்லையா வாப்பா?"

"நான்தான் அவனை அடிச்சிக் குறைச்சேன் எண்டு நினைச்சேன்டா."

இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார். மூன்றாம் நாள் ஒரு கோட்டை எடுத்து, உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்த்தார். உட்புறம் சாம்பல் நிறம். உடனே தையற்காரர் ஸைனுலாப்தீனைக் கூப்பிட்டு, பொத்தான்களைப் பிடுங்கி மறுபக்கத்தில் தைக்கச் சொன்னார். மூன்று டசின் பச்சைக் கோட்டும் மூன்று டசின் சாம்பல் கோட்டாகத் தொங்கின. பச்சை உள்ளே போய்விட்டது. தையல் மடிப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

இனி அவள் வரலாம்.

4

"ரெயின்கோட் இருக்கோ நானா?" என்றாள். முஸ்லிம் கடைக்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று பொருள்.

"இரிக்கு புள்ள. எங்க, தூரப் பயணமா?"

"நிலாவெளியில இருந்து ரவுனுக்கு. வாற திங்கட்கிழமை காலமை ஒன்பது மணிக்குத் தட்டச்சுச் சோதினை. மழைக்குள்ள வந்து கை விறைச்சுப் போச்செண்டா எழுத்து விழாது."

"அப்ப உங்களுக்குச் சாமான் இதுதான். இருநூத்தம்பது."

அவள் கோட்டை வாங்கி, நிறத்தைப் பார்க்காமல் தையலைப் பார்த்தாள்.

"இதென்ன நானா, தையலெல்லாம் வெளியில கிடக்குது?"

"புது மொடல். கொழும்பில இப்ப இப்பிடித்தான்."

"கொழும்பில உடுப்பைப் புரட்டியோ போடுறாங்கள்?"

"அங்க எல்லாம் புரண்டுதானே புள்ள கிடக்குது."

"அப்ப நூறு ரூபா."

"நூறுக்குப் பொத்தானை மட்டும் வெட்டித் தரலாம்."

"பொத்தான் எனக்கு வேண்டாம். அதை நீங்களே வைச்சுக்கொண்டு கோட்டைத் தாங்கோ."

வாப்பா சிரிக்கவில்லை, சிரித்தால் இருபது ரூபா இறங்கும். "கவர்மெண்ட் உத்தியோகம் வரப்போகுது. இருநூத்தம்பது உங்களுக்கு ஒரு காசா?" என்றார்.

"வந்தபிறகு வந்து இருநூத்தம்பதுக்கு இன்னொண்டு எடுக்கிறன். இப்ப அப்பான்ர வள்ளம் கரையில ஏறி மூண்டு மாசம். கடலுக்கு விடுறாங்களில்லை. இந்தச் சோதினை சரிவந்தாத்தான் வீட்டில அடுப்பு."

இதைச் சொல்லும்போது அவள் குரலை இறக்கவில்லை. அதையும் விலையின் ஒரு பகுதியாகவே வைத்தாள். நூற்றெழுபத்தைந்தில் முடிந்தது. வாப்பா தோற்றவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கட்டிக் கொடுத்தார். அது அவர் வென்றதன் அடையாளம்.

5

அடுத்த புதன்கிழமை கோட் திரும்பி வந்தது. அவளும் வந்தாள். மேசைமேல் அதைப் போட்டு, "காசைத் தாங்கோ" என்றாள்.

எங்கள் கடையில், விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று ஒரு பலகை தொங்கியது. ஆனால் வாப்பாவுக்கு அதிலும் ஒரு முறை இருந்தது. குறை சொல்ல வருபவரைக் கதிரையில் இருத்தி, பிளேன்டீ வரவழைத்து, சொல்வதை முழுதாகக் கேட்பார். இடையில் ஒரு சொல் பேசமாட்டார். எல்லாம் முடிந்ததும் பலகையைக் காட்டுவார். பாதிப் பேர் பேசித் தீர்ந்த களைப்பிலேயே போய்விடுவார்கள்.

அவள் தேநீரை வாங்கி, குடிக்காமல் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி தொடங்கினாள். இனி வருவது அவள் சொன்ன கதை. திருப்பிக் கொண்டுவரும் சாமானோடு வரும் கதையில் மூன்றில் ஒன்றைக் கழிக்கவேண்டும் என்பது எங்கள் கடைக் கணக்கு. எந்த மூன்றில் ஒன்று என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"அன்று வானம் அழுதுகொண்டிருந்தது—"

இல்லை. வானம் பெய்துகொண்டிருந்தது. அழுவதற்கு அந்த வருடங்களில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"இராசமலரின் மனத்தில் ஆயிரம் எண்ணங்கள்—"

ஆயிரம் இல்லை. ஒன்றே ஒன்றுதான்: விரல். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அது ஓர் இரும்புக் கழுதை. மேல்வரி எழுத்துக்கு இடது சின்ன விரலால் ஷிஃப்ட் கட்டையை அமத்தி, இயந்திரத்தின் சுமையைத் தூக்கிப் பிடித்தபடியே மற்ற விரலால் அடிக்கவேண்டும். சின்ன விரல் விறைத்தால் பாதி அரிச்சுவடி காணாமல் போகும்.

ஆகவே அவள் விடிய எழும்பி ஐந்து முட்டை அவித்திருக்கிறாள். தம்பி பந்தடிக்கப் போடும் நீட்டுக் காலுறை, அதாவது மேஸ், இரண்டை எடுத்து, உள்ளே உமியைப் போட்டு, உமிக்குள் முட்டைகளைப் புதைத்து, ஹேண்டிலின் இரு பக்கமும் கட்டிவிட்டாள். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி மற்றக் கையை மேஸுக்குள் விடுவது. அது சூடேறியதும் கை மாற்றுவது. கையுறை கிடைக்காத ஊரில் இதைவிட நல்ல யோசனை யாருக்கு வரும்? யோகலிங்கம், உன் மலருக்கு இந்தப் பந்தி மட்டும் போதும், வெட்டி எடுத்துக்கொள்.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று.

"முதல் சென்றியில கோட்டைக் கழட்டச் சொன்னான். ஒரு கையைக் கழட்டியாச்சு. அதுக்குள்ள மற்றவன் வந்து மேஸைப் பிடிச்சு அமத்திப் பார்த்தான். சொல்லுங்கோ நானா, மேஸுக்குள்ள உருண்டையா, சூடா, ஒண்டுக்கு மேல ஒண்டா. அவனுக்கு என்ன தோணும்?"

நான்தான், "குண்டு" என்றேன்.

"ஓம் தம்பி. அவன் பாய்ஞ்ச பாய்ச்சல்ல தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ரெண்டு பேர் சேத்துக்குள்ள படுத்திட்டாங்கள். ஒருத்தன் துவக்கை என்ர நெத்திக்கு நேர பிடிச்சான். நான் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, 'பித்தர, பித்தர' எண்டு கத்தினன். முட்டைக்குச் சிங்களம் அதுதானே. என்ர சீவியத்தில நான் அவ்வளவு வடிவாச் சிங்களம் கதைச்சதில்லை."

"பிறகு?"

"பிறகென்ன, ஒண்டை எடுத்துத் தந்து 'கன்ன' எண்டான். தின்னட்டாம். வெடிக்குதோ இல்லையோ எண்டு பார்க்கினம். மழைக்குள்ள நிண்டு, உரிச்சு, தின்டன். உப்புமில்லை."

அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"தின்னேக்குள்ள ஒருத்தன் கோட்டைத் தூக்கிப் பார்த்தான். உள்ளுக்குப் பச்சை. முகம் மாறிச்சு. இது எங்கால எண்டு கேட்டான். கடைப் பேரைச் சொன்னனான்."

வாப்பா முப்பது வருட வழக்கத்தை உடைத்துக்கொண்டு எழும்பினார். "கடைப் பேரையா சொன்னீங்க?"

"ஓம். எழுத்துக் கூட்டி வடிவாச் சொன்னனான். எழுதியெல்லாம் எடுத்தாங்கள். இன்னும் வரேல்லையோ?"

வாப்பா உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிடத்தில் கோட்டின் விலை அவள் பக்கம் நூறு ரூபா சாய்ந்ததை நான் கண்ணால் கண்டேன். (கழிக்கவேண்டிய மூன்றில் ஒன்று இதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்காகக் கடைக்காரன் தூங்குவானா?)

6

இரண்டாவது சென்றி, சாம்பல்தீவுப் பாலத்தடி. அதே கதை: அமத்தினார்கள், பாய்ந்தார்கள், தின்னச் சொன்னார்கள். தின்றாள். வயிறு சூடாகிக்கொண்டு வந்தது. கை குளிர்ந்துகொண்டு வந்தது. சூடு உடம்பை விட்டுப் போகவில்லை. வேண்டாத இடத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

மூன்றாவது, உப்புவெளியில். அங்கே ஒரே ஒருவன் மட்டும் மணல் மூட்டைக்கு வெளியே, மழைக் கோட்டும் இல்லாமல் நின்றிருக்கிறான். மேஸை அமத்தினான். பாயவில்லை. ஒரு முட்டையை வெளியே எடுத்து, உமியை ஊதிவிட்டு, கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"தின்னச் சொல்லல்லையா?" என்று நான் கேட்டேன்.

"இல்லை. அப்பிடியே வைச்சுக்கொண்டு நிண்டான். அவன்ர விரலும் என்ர விரல் மாதிரித்தான், தேத்தண்ணியில ஊறின பாண் துண்டுபோல வெளிறிப்போய்க் கிடந்தது. பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினான். முட்டை திரும்பி வரேல்லை."

[யோகலிங்கத்துக்கு இந்த இடம்வரை அனுப்பினேன். உடனே தொலைபேசியில் பிடித்தான்: "மச்சான், ஆமிக்காரனுக்கு முட்டை குடுக்கிற கதையெல்லாம் வேண்டாம். கழகத்தில ரெண்டு பேர் மலரைக் கிழிப்பாங்கள்." கொடுத்ததாக அவள் சொல்லவில்லையே என்றேன். "அப்ப பறிச்சதெண்டு எழுது." அப்படியும் அவள் சொல்லவில்லை. விற்பனை, அன்பளிப்பு, பறிமுதல் என்று எங்கள் கடையில் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. அந்த முட்டையை நான் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எந்தப் பெட்டியிலும் விழமாட்டேன் என்கிறது.]

நாலாவது, நகரத்து வாசல். "அதுக்கு நானே முன்கூட்டி உரிச்சுக்கொண்டு போனனான். அவன் வாயைத் திறக்க முந்தி என்ர வாயில போட்டன். சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்."

மீதி ஒரு முட்டை. அதை மேஸிலிருந்து எடுத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு, மழையில், நாலு இடத்தில் இறங்கி ஏறினால் இரண்டு மணித்தியாலம் ஆகும். ஒரு முட்டை அவ்வளவு நேரம் சூடாக இருக்குமா? கதை எழுதுகிறவன் பொய் சொல்லலாம்; ஆறிப்போன பொய் சொல்லக்கூடாது. போன வெள்ளிக்கிழமை ஒரு முட்டையை அவித்து, மேஸுக்குள் போட்டு, முற்றத்தில் மழையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணியில் ஆறிவிட்டது. சரி, மூன்றில் ஒன்று அகப்பட்டுவிட்டது என்று உள்ளே வந்தேன்.

"முட்டை வேணுமெண்டா கேட்டிரிக்கலாந்தானே?" என்றாள் என் மனைவி ஸாலிஹா.

விஷயத்தைச் சொன்னேன்.

"உமி போட்டீங்களா?"

போடவில்லை.

"உமியையும் வறுத்துச் சூடாப் போட்டிரிப்பா. அதுகூடத் தெரியாம அந்தப் புள்ளையைக் கள்ளி எண்டு எழுதப் போறீங்க."

வறுத்த உமியோடு மறுபடி செய்து பார்த்தோம். முடிவைச் சொல்லமாட்டேன், ஸாலிஹா இதை வாசிப்பாள். கதையில் முட்டை சூடாகத்தான் இருக்கிறது.

7

பரீட்சை மண்டபத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்றால், கோட் இருந்தும் நனைந்து. "பொத்தான் தைச்ச ஊசித் துளை ஒவ்வொண்டாலயும் தண்ணி. கழுத்தில இருந்து வயிறு மட்டும் ஒரு வாய்க்கால். இது ரெயின்கோட்டோ நானா, அரிதட்டோ?"

வாப்பா சுவரைப் பார்த்தார்.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு இயந்திரம். எல்லார் கையும் விறைத்திருந்தது. எல்லாரும் ஏதோ ஒரு சென்றியைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். பரீட்சகர் கந்தளாயிலிருந்து பேருந்தில் வந்தவர். அவரையும் வழி முழுவதும் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். காற்சட்டையிலிருந்து நீர் சொட்ட, ஒரு கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு மேடையில் நின்றார். பெருவிரலால் அதன் தலையை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். பரீட்சித்துப் பார்த்தார். விறைத்த பெருவிரல் வழுக்கியது. மறுபடி அமுக்கினார். நேரம் கழித்து அமுங்கியது.

இராசமலர் முதல் வரிசையில், அவருக்கு நேர் முன்னால். சுற்றியிருந்த பத்திரிகையைப் பிரித்து, முட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டத் தொடங்கினாள். விரல்களுக்கு உயிர் வந்தது. நிமிர்ந்தபோது பரீட்சகர் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்கள் வியாபாரியின்ர மகன்தானே. கணக்கைப் பாருங்கோ," என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "முட்டை என்ர கையில இருந்தால் என்ர விரல் ஓடும். அவற்ர பெருவிரல் விறைச்சே கிடக்கும். முடிக்க வேண்டிய நேரத்துக்கு அவர் அமத்த, கடிகாரம் நிக்கப் பிந்தும். எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் லாபம். முட்டையை அவரிட்டக் குடுத்தால் எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் நட்டம். அதோட பின்னுக்கு இருக்கிற பதினொரு பேரும் என்ன சொல்லுவினம்? சோதினைக்கு முந்திப் பரீட்சகருக்குச் சாப்பாடு குடுக்கிறாள் எண்டு."

"அப்ப குடுக்கல்ல," என்றேன்.

"ஆனா அந்த மனிசன்ர சொண்டு நீலமாக் கிடந்தது தம்பி. வயசான ஆள். பல்லுக் கிட்டி அடிக்கிறது எனக்குக் கேக்குது. உப்புவெளியில நிண்டவன்ர கன்னமும் எனக்கு முன்னால வந்து நிக்குது. அவர் 'ஆயத்தம்' எண்டு சொல்லிப்போட்டார். நான் எழும்பினன்—"

துறைமுகப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். எங்கள் கடைக் கூரைத் தகரம் அதிர்ந்தது.

8

அந்தக் காலச் சந்தையைப் பார்க்காதவர்களுக்கு: வெடிச் சத்தத்துக்கும் கடைக் கதவு விழுவதற்கும் இடையே, ஒரு தேநீரைக் கீழே வைக்கும் நேரம்தான் இருக்கும். இடது பக்கக் கடை, வலது பக்கக் கடை, எதிர்க்கடை என்று வரிசையாகத் தகரக் கதவுகள் விழுந்தன. யாரும் யாரையும் கேட்பதில்லை. அவள் கிளாஸை வைத்தாள், வெளியே பாய்ந்தாள், சைக்கிளில் ஏறினாள். கோட் மேசையில் கிடந்தது.

நான் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டேன். வாப்பா குனிந்து, பாதிக் கதவுக்குக் கீழால் தலையை நீட்டி, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் விலையில்லாத ஒன்றைக் கேட்டார்:

"புள்ள! முட்டையை யாருக்குக் குடுத்தீங்க?"

அவள் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"காசை எடுத்து வையுங்கோ நானா! வந்து சொல்லுறன்!"

கதவை இறக்கினேன். இருட்டில் வாப்பா கோட்டைத் தடவி எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "கெட்டிக்காரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை, கொழும்புப் பச்சைக்கோட்டு வியாபாரிக்குப் பிறகு, இவள் ஒருத்திதான் வாங்கினாள்.

அவள் வரவில்லை. அந்த வருடங்களில் ஒருவர் திரும்பி வராததற்குக் காரணங்கள் நிறைய. பாதி நல்ல காரணங்கள்: உத்தியோகம், கல்யாணம், கனடா. மற்றப் பாதியை நான் இந்தக் கதைக்குள் விடவில்லை. அலுவலகங்களில் தேடலாம் என்று ஒருமுறை போனேன். கதவுகளுக்குப் பின்னால் இரும்புக் கழுதைகள் ஓடும் சத்தம் கேட்டது. யாரைத் தேடுகிறீர்கள் என்றார் வாசலில் இருந்தவர். பெயர் தெரியாதே. கைக்காசுக்கு வாங்கியவள்.

9

மலருக்கு முடிவு வேண்டும் என்று யோகலிங்கம் நெருக்குகிறான். கையிலிருப்பதைப் பரப்பிக் காட்டுகிறேன், தொட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, ஒஸ்லோச் சரக்கு. அவள் முட்டையைக் கொடுக்கிறாள். அவர் அதைப் பாதியாகப் பிட்டுத் திருப்பித் தருகிறார். இருவர் கண்ணிலும் நீர். வேலையும் கிடைக்கிறது. மினுக்கம் அதிகம், ஒரு மழைக்குத் தாங்காது.

இரண்டாவது, வாப்பா செய்தது. அவரே ஒருநாள் சொன்னார்: "அவ குடுக்கல்ல. எழும்பினது யன்னலைச் சாத்த. காத்துத்தானே குளிருக்குக் காரணம்? எல்லாருக்கும் லாபம், முட்டை கையோட." நல்ல உறுதியான முடிவு. ஆனால் இதைச் சொல்லி முடித்த பிறகும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, ஸாலிஹா சொன்னது: "குடுத்திரிப்பா. குடுத்திட்டு, ஆறின கையால அடிச்சும் பாஸ் பண்ணியிரிப்பா. பண்ணல்லையெண்டா காசுக்கு வந்திரிப்பாதானே?" தர்க்கம் பலமானது. ஆனால் வேலை கிடைத்திருந்தால் இருநூற்றைம்பதுக்கு இன்னொரு கோட் எடுக்க வந்திருக்கவேண்டுமே. அதற்கும் வரவில்லை.

நாலாவதாக ஒன்றும் உண்டு: முட்டையே இல்லை, சோதனையும் இல்லை, ஒழுகுகிற கோட்டைத் திருப்பித் தர வந்த ஒருத்தி மேசையில் தேநீரைக் கண்டதும் கட்டிய கதை. இதை எழுதிப் பார்த்தேன். எழுதும்போது அவள் அந்தக் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. பேனையை வைத்துவிட்டேன்.

நான் எதையும் தேர்ந்தெடுப்பதாக இல்லை. அவள் எழும்பி நிற்கிறாள், பரீட்சகரின் பெருவிரல் கடிகாரத்தின் தலையில் இருக்கிறது. இவ்வளவு தூரம் நனைந்து வந்திருக்கிறீர்கள். மிச்சத்தை நீங்கள் பாருங்கள். இந்தக் கதையின் விலையைக் கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். நூற்றெழுபத்தைந்து. ஆனால் அதை நீங்கள் எனக்குத் தரவேண்டியதில்லை. வாப்பா மௌத்தாகிக் கண் மூடும்வரை மேசை லாச்சியில் ஒரு மூலையில் தனியாகக் கிடந்த காசு அது. சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தாலும் அதைத் தொடவிடமாட்டார். இப்போது என்னிடம் இருக்கிறது. முடிவைக் கொண்டுவருபவர் யாரோ அவருக்கு.

கணக்கு:

அவித்தது, ஐந்து முட்டை.
முதல் சென்றியில் தின்றது, ஒன்று. உப்பில்லை.
சாம்பல்தீவுப் பாலத்தடியில் தின்றது, ஒன்று.
உப்புவெளியில், ஒன்று. எந்தப் பெட்டியிலும் போடவில்லை.
நகரத்து வாசலில் கேட்குமுன் தின்றது, ஒன்று.
கோட், திரும்பி வந்தது. மழைக்கு உதவாது.
காசு, கொடுபடவில்லை. இருக்கிறது.
முடிவு, வரவில்லை.
மீதி, ஒரு முட்டை. இன்னும் சூடு. உங்கள் கையில்.